ஓரடி நகரும் ஐந்தாம் சக்கரம்

கோடை விடுமுறையில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பக்கம் போனவங்க இதைக் கட்டாயம் பார்த்திருப்பீங்க. முன்னால் ஒரு பிக்கப் டிரக். அதன் முதுகில் மூக்கை ஏற்றி வைத்துக்கொண்டு பின்னாலேயே வரும் முப்பது முப்பத்தைந்து அடி நீள வீடு. உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. மற்ற ட்ரெய்லர்களை பம்பருக்குக் கீழே இருக்கும் கொக்கியில் மாட்டுவார்கள். இதை மட்டும் டிரக்கின் திறந்த தொட்டிக்குள்ளே (இங்கே 'பெட்' என்பார்கள்) மாட்டுகிறார்கள். இந்த வகைக்குப் பேரே ஃபிஃப்த் வீல், அதாவது ஐந்தாம் சக்கரம்.

டிரக்குக்கு நாலு சக்கரம், பின்னால் வரும் வீட்டுக்கு நாலு. இதில் ஐந்தாவது எதுங்க? நானும் ரொம்ப நாள் குழம்பினேன். பதில் குதிரை வண்டியில் இருக்கிறது.

நம்ம மாட்டு வண்டிக்கு ரெண்டே சக்கரம், திரும்புவது பெரிய விஷயமே இல்லை. மாடு திரும்பினால் வண்டியும் திரும்பும். நாலு சக்கரம் வந்தால்தான் தலைவலி. தேரைப் பாருங்க, அச்சு அசையாது. அதனால்தான் வீதி முனையில் முட்டுக்கட்டை போட்டு அத்தனை பேர் மல்லுக்கட்ட வேண்டியிருக்கு. ஐரோப்பிய குதிரை வண்டிக்காரர்கள் முன் அச்சை மட்டும் தனியாகத் திரும்பும்படி செய்தார்கள். அச்சுக்கு மேலே படுக்கை வாட்டில் ஒரு இரும்பு வளையம், வண்டி உடம்புக்கு அடியில் இன்னொரு வளையம். ஒன்றின் மேல் ஒன்று உரசிக்கொண்டு சுழலும். படுத்துக் கிடக்கும் அந்த வளையம்தான் ஐந்தாம் சக்கரம். தரையைத் தொடாத சக்கரம்!

அப்பவே ஒரு சிக்கல் இருந்தது. ரொம்ப ஒடித்துத் திருப்பினால் முன் சக்கரம் வண்டியின் உடம்பில் போய் இடிக்கும். அதற்காக முன் சக்கரங்களைச் சின்னதாகச் செய்தார்கள், சக்கரம் புகுந்து போக வண்டியின் அடிப்பகுதியை வளைத்து வெட்டினார்கள். இந்த இடிக்கிற சமாச்சாரத்தை ஞாபகத்தில் வச்சுக்கோங்க, இந்தப் பதிவு முழுக்க அதுதான் வரப்போகுது.

1818-ல் ருடால்ஃப் ஆக்கர்மேன் லண்டனில் ஒரு காப்புரிமை வாங்கினார். கண்டுபிடித்தவர் ம்யூனிக்கைச் சேர்ந்த லாங்கென்ஷ்பெர்கர், ஆக்கர்மேன் அவருடைய ஏஜெண்ட் (பேர் மட்டும் ஏஜெண்டுக்கே நிலைத்துவிட்டது, வழக்கம்போல). அச்சு அப்படியே இருக்க, சக்கரங்கள் மட்டும் தனித்தனியே திரும்பும் ஏற்பாடு அது. பிற்பாடு வந்த கார்கள் இந்த வழியில்தான் போயின. ஐந்தாம் சக்கரம் அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

அதைத் திரும்பக் கொண்டுவந்தது லாரி. க்ளீவ்லாண்டில் கார் தயாரித்த அலெக்சாண்டர் விண்டன் 1890-களின் கடைசியில், விற்ற கார்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுக்க, காரின் பின்பக்கத்தில் ஏறி உட்காரும் ஒரு வண்டியைச் செய்தார். 1914-ல் டெட்ராய்ட்டில் சிப்லி என்ற மரவியாபாரி, தன் படகை ஏரிக்குக் கொண்டுபோக ஒரு வண்டி வேணும் என்று ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லரிடம் போனார். இழுப்பது ஃபோர்டு மாடல் டி. படகு வண்டி நன்றாக ஓடியது, அதே மாதிரி மரம் ஏற்றவும் ஒன்று கேட்டார் சிப்லி. ஃப்ரூஹாஃப் வைத்த பெயர் 'செமி ட்ரெய்லர்'. பாதிப் பாரம் தன் சக்கரத்தில், மீதி இழுக்கிற வண்டியின் முதுகில். அதே காலகட்டத்தில் சார்லஸ் மார்ட்டின் என்பவர் முன்னும் பின்னும் சாய்ந்து கொடுக்கும் ஐந்தாம் சக்கரத் தட்டைக் கொண்டுவந்தார். மேடு பள்ளத்தில் லாரியும் ட்ரெய்லரும் தனித்தனியே குனிந்து நிமிர இது அவசியம்.

வீட்டை இந்த முறையில் இழுத்த முன்னோடிகளில் ஒருவர் யார் தெரியுமா? க்ளென் கர்ட்டிஸ். ஆமாங்க, ரைட் சகோதரர்களோடு வழக்காடிய அதே விமானக்காரர். 1928 வாக்கில் 'ஏரோகார்' என்ற பெயரில் விமான உடம்பு பாணியில் எடை குறைந்த ட்ரெய்லர் வீடுகள் செய்தார். இணைப்புக்கு அவர் பயன்படுத்தியது, காரின் பின்பக்கத்தில் படுக்கப் போட்ட காற்றடைத்த டயர். குலுக்கலை அது வாங்கிக்கொள்ளும். இத்தனை வருஷத்தில் ஐந்தாம் சக்கரம் நிஜமாகவே சக்கரமாக இருந்தது அப்பதான் :-) 1930-ல் கர்ட்டிஸ் இறந்துபோனார். ஏரோகார் பணக்காரர்கள் சமாச்சாரமாகவே நின்றுவிட்டது. பிக்கப் டிரக்கின் தொட்டியில் தட்டைப் பூட்டி வீடு இழுக்கும் பழக்கம் பரவ இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின.

சரி, தட்டை ஏன் தொட்டிக்குள் வைக்கணும்? மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டுக்குப் பிடிமானம் போய்விடும். டிரக்கிலும் அதே கதைதான். ட்ரெய்லரின் மூக்கிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும் 2 அங்குல விட்டமுள்ள கிங் பின், டிரக்கின் பின் அச்சுக்கு நேர் மேலேயோ கொஞ்சம் முன்னாலேயோ உட்கார வேண்டும். பின்னால் போனால் முன் சக்கரம் லேசாகிவிடும், ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது.

இப்ப ஒரு சின்ன கணக்கு. ட்ரெய்லரின் அகலம் எட்டரை அடி, அதாவது 102 அங்குலம். பாதி 51. கிங் பின் நடுவில் இருக்கிறது. டிரக்கை ட்ரெய்லருக்குச் செங்குத்தாக ஒடித்தால், ட்ரெய்லரின் பக்கச் சுவர் பின்னிலிருந்து 51 அங்குலம் டிரக்கின் கேபினை நோக்கி வந்து நிற்கும். எட்டடி தொட்டி உள்ள டிரக்கில் பின் அச்சுக்கும் கேபினுக்கும் நடுவே சுமார் 56 அங்குலம் இருக்கும், தப்பித்தோம். ஆறரை அடி தொட்டியில் அது 40 பக்கம்தான். பதினோரு அங்குலம் பற்றாக்குறை. அந்தப் பதினோரு அங்குலத்தில் இருப்பது டிரக்கின் பின் கண்ணாடி, அதற்கு இந்தப் பக்கம் பிள்ளைகள் உட்காரும் பின் சீட்.

அந்தப் பின் சீட்தான் இந்தக் கதையின் வில்லன். பழைய பிக்கப்பில் ஒரே வரிசை சீட், மீதி எல்லாம் தொட்டி. விவசாயிக்கும் கொத்தனாருக்கும் அது போதும். 1957-ல் இன்டர்நேஷனல் கம்பெனி 'டிராவலெட்' என்ற ஆறு பேர் உட்காரும் பிக்கப்பைக் கொண்டுவந்தது. ரொம்ப காலம் அது ரயில்வே, மின்சாரக் கம்பெனி ஆட்களுக்கான வண்டியாகவே பார்க்கப்பட்டது. பிறகு பிக்கப் குடும்ப வண்டியானது. 2001 மாடல் ஃபோர்டு எஃப்-150 சூப்பர்க்ரூ நாலு முழுக் கதவோடு வந்தபோது தொட்டி ஐந்தரை அடிக்குச் சுருங்கியிருந்தது. கேபின் வளர்ந்தது, தொட்டி தேய்ந்தது. ட்ரெய்லரோ மறுபக்கம் அகலமாகிக்கொண்டே போனது. 1982 சட்டம் ஒன்று முக்கிய நெடுஞ்சாலைகளில் லாரிகளின் அகலத்தை 96 அங்குலத்திலிருந்து 102 ஆக்கியது. வீட்டு ட்ரெய்லர்களுக்கும் பிற்பாடு மாநிலம் மாநிலமாக அந்த அகலம் வந்தது. குதிரை வண்டிக்காரன் சக்கரத்தை வெட்டிச் சமாளித்த அதே இடி, நூறு வருஷம் கழித்துக் கண்ணாடி பக்கம் வந்து நின்றது.

இதற்கு வந்த வைத்தியம்தான் நகரும் ஹிட்ச். ஓடும்போது தட்டு அச்சின் மேலே, ஒடித்துத் திருப்பும்போது மட்டும் ஓரடி பின்னால். பதினெட்டுச் சக்கர லாரிகளிலும் நகரும் ஐந்தாம் சக்கரம் உண்டு. ஆனால் அங்கே நகர்த்துவது எடையை அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்க, எடைமேடையில் தப்பிக்க. இங்கே கண்ணாடியைக் காப்பாற்ற. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

போன வருஷம் ஒரு நண்பர் இதில் இறங்கினார். ஓய்வு பெறப்போகிறவர், சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்து ட்ரெய்லர் வாங்கி, மனைவியோடு ஊர் சுற்ற ஆசை. வச்சிருப்பது ஐந்தரை அடி தொட்டி டிரக். விற்பனையாளர் "எல்லாம் பொருந்தும் சார்" என்று சொல்லிவிட்டாராம். என்னிடம் கேட்டபோது, முதலில் கதவைத் திறந்து டிரைவர் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரைப் படிங்க அண்ணே என்றேன். டிரக் தன் முதுகில் எவ்வளவு சுமக்கலாம் என்பது அதில் இருக்கும். ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் தன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை டிரக்கின் மேல் வைக்கும். 12,000 பவுண்டு ட்ரெய்லர் என்றால் 2,400. நகரும் ஹிட்ச் தானே இருநூறு பவுண்டுக்கு மேல் இருக்கும். அப்புறம் அவர், அவர் மனைவி, பெட்டி படுக்கை. ஹிட்சின் மேல் 16,000 என்று எழுதியிருக்கும், அது ஹிட்ச் தாங்கும் எடை. டிரக்குக்கு அது பொருந்தாது. ஸ்டிக்கரில் இருந்தது 1,700 சொச்சம். மனுஷன் ரொம்ப நேரம் பேசவில்லை.

டிரக் தாங்கும் என்றால்தான் அடுத்த கேள்வி, எந்த ஹிட்ச்? கையால் நகர்த்துவது விலை குறைவு. நேராக நிறுத்தி, இறங்கி, நெம்புகோலை இழுத்துப் பூட்டை விடுவிக்க வேண்டும். பிறகு ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் பிடித்துக்கொண்டு டிரக்கை மெதுவாக முன்னால் நகர்த்தினால் தட்டு பின்னால் போய்ப் பூட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அதே மாதிரி ரிவர்ஸில் தள்ளி, பழைய இடத்தில் பூட்டிவிட்டுத்தான் சாலைக்குப் போகணும். பின்னால் வைத்தபடியே ஓட்டினால் மேலே சொன்ன மாட்டு வண்டிக் கதை. இதன் பலவீனம் இயந்திரத்தில் இல்லை, ஞாபகத்தில் இருக்கிறது. பெட்ரோல் பங்கில் இடம் பத்தாமல் அவசரமாக ஒடிக்கும்போது யார் இறங்கி நெம்புகோலை இழுப்பார்கள்?

அந்த நேரத்துக்காகத்தான் தானாக நகர்வது. இன்டியானாவின் புல்ரைட் செய்யும் சூப்பர்க்ளைடு இந்த வகை. கிங் பின்னோடு ஒரு தகட்டை முடுக்கி, பின் தட்டின் வாயில் சுழலாதபடி பிடித்துவிடுகிறார்கள். ட்ரெய்லர் திரும்பினால் ஹிட்சின் தலையும் கூடவே திரும்பும், வளைந்த தடம் ஒன்று அந்தத் திருப்பத்தை நகர்தலாக மாற்றும். மோட்டார் கிடையாது. திருப்பமே தள்ளுகிறது, நேரானால் தானே முன்னால் வந்துவிடும். எனக்கு இதுதான் பிடித்தது. விலை அதிகம், எடை அதிகம், தகடு முடுக்காத இன்னொருவர் ட்ரெய்லரை மாட்ட முடியாது. மூன்றாவது வழி, ஹிட்சை விட்டுவிட்டு ட்ரெய்லரின் மூக்கில் திருகுமூட்டையே பின்னுக்குத் தள்ளி வைக்கும் பின் பாக்ஸ். அதைப் போட்டால் நகரும் ஹிட்ச் தேவையில்லை, ரெண்டையும் சேர்த்துப் போடவும் கூடாது. இப்போதைய ட்ரெய்லர்கள் பலவற்றின் முன் மூலைகளைச் செதுக்கி விடுகிறார்கள். ஆறரை அடி தொட்டிக்காரர்களில் சிலர் சாதா ஹிட்சிலேயே சமாளிக்கிறார்கள். ஆனால் விளம்பரத்தில் 90 டிகிரி என்று போட்டிருந்தாலும் காலி மைதானத்தில், ஒருத்தரை வெளியே நிற்கவைத்து, அங்குலம் அங்குலமாக ஒடித்துப் பார்த்துவிடுவது நல்லது.

எந்த வகையானாலும் மாட்டியவுடன் ஒரு சோதனை உண்டு. ட்ரெய்லரின் முன் கால்கள் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே, ட்ரெய்லர் பிரேக்கைப் பிடித்து டிரக்கை லேசாக முன்னால் இழுத்துப் பார்க்கணும். தட்டின் தாடை கிங் பின்னைக் கவ்வவில்லை என்றால் அப்பவே தெரிந்துவிடும். காலைத் தூக்கிவிட்டுக் கிளம்பினால், அத்தனை எடையும் தொட்டியின் பக்கச் சுவர் மேல் விழும்.

நண்பர் ஹிட்ச் வாங்கவில்லை. பம்பருக்குக் கீழே மாட்டும் 22 அடி ட்ரெய்லர் ஒன்றை, அதன் முன்பாரத்தையும் ஸ்டிக்கரையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கினார். அக்டோபரில் ஸ்மோக்கி மலைக்குப் போய்விட்டு வந்தார்கள். அவர் மனைவிக்கு மட்டும் அந்த ஃபிஃப்த் வீலின் பெரிய சமையலறை மேல் இன்னும் ஒரு கண் இருக்கிறது. எட்டடி தொட்டியோடு பழைய முக்கால் டன் டிரக் ஏதாவது கண்ணில் பட்டால் சொல்லு தம்பி என்று போன வாரம்கூட ஃபோனில் சொன்னாங்க.