உண்டியல் உண்டு, வாக்கு இல்லை: ஜாலான் புசார் வட்டாரச் சமய நிறுவனங்கள், 1881–2018

தைப்பூசத்தன்று சிங்கப்பூரில் காவடி புறப்படுவது சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலில்; இறக்கப்படுவது டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயிலில். முன்னதை நடத்துவது இந்து அறக்கட்டளை வாரியம். பின்னது நகரத்தார் 1859-இல் எழுப்பியது. இன்றும் அவர்கள் சங்கமே நிர்வகிக்கிறது. காவடி எடுப்போரில் பெரும்பாலோர் வாரியத்திலும் இல்லை, நகரத்தாரும் அல்லர். சீனர்களும் நேர்ந்துகொண்டு வருகிறார்கள். முருகனுக்கான வேண்டுதல் பெருமாள் வாசலில் தொடங்குவதை யாரும் முரணாகக் கருதுவதில்லை. நிறுவனங்கள்தாம் இரண்டு, நேர்த்திக்கடன் ஒன்று.

தொடக்கத்தில் நடத்துவோர், கும்பிடுவோர் என்ற இந்தப் பிரிவு இவ்வளவு துலக்கமாக இல்லை. சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலை 1881-இல் எழுப்பியவர்கள் அங்கே உழைத்த தொழிலாளர்கள். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த இடம் என்பதால் அது சுண்ணாம்புக் கம்பம் கோயில் எனப்பட்டது. கட்டியவரும் கும்பிட்டவரும் ஒருவரே. கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் நிலமும் வாடகையும் சேரச் சேர, தர்மகர்த்தாக்கள் மீது புகார்களும் சேர்ந்தன. அந்தப் புகார்களைத் தொடர்ந்தே காலனி அரசு 1905-இல் முஸ்லிம், இந்து அறக்கட்டளைச் சட்டத்தை இயற்றி, பிரிட்டிஷ் அதிகாரிகள் தலைமையில் ஒரு வாரியத்தை நிறுவியது. இந்தச் சட்டம் நிலத்தையும் வருமானத்தையும் கணக்கையும் பற்றிக் கேட்டது. கும்பிட வருபவர் யார் என்று கேட்கவில்லை. பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

விடுதலைக்குப் பின் இரு சமயத்தாரின் பாதைகளும் பிரிந்தன. 1966-இல் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் வந்தது. அதன்படி 1968-இல் முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் அமைந்தது. 1975-இல் தொடங்கிய பள்ளிவாசல் கட்டட நிதிக்கு முஸ்லிம் ஊழியரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் ஒரு தொகை பிடிக்கப்பட்டது. தொடக்கத்தில் அது 50 காசு. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் விலகலாம்; கொடுக்காதவரை டன்லப் ஸ்திரீட் அப்துல் கஃபூர் பள்ளிவாசலில் தொழுகிறவர் சம்பளச் சீட்டின் வழியே நிறுவனத்துக்குள் இருக்கிறார். இந்துவுக்கு அத்தகைய பிணைப்பு இல்லை. 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்து அறக்கட்டளை வாரியம் நேரடியாக நடத்துவது நான்கு கோயில்களை மட்டுமே. மற்றவை பெரும்பாலும் தனித்தனிச் சங்கங்களின் கையில் உள்ளன.

ரோச்சோர் கால்வாய்க்கு அப்பால் ஓஃபிர் சாலையில் உள்ள லூர்து மாதா ஆலயம் 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காகவே எழுந்தது. 1974-இல் அது மொழிவழிப் பங்கு (திருச்சபையின் உள்ளூர்ப் பிரிவு) என்ற நிலை மாறி, வட்டாரப் பங்காயிற்று. தமிழ்த் திருப்பலி தொடர்கிறது. அதற்காகத் தீவின் மறுகோடியிலிருந்து வருபவர் ஏட்டின்படி வேறு பங்கைச் சேர்ந்தவர். இங்கு நிறுவனமே எல்லையை மாற்றி வரைந்தது. வழிபடுவோர் அந்தக் கோட்டைப் பொருட்படுத்தவில்லை.

வீரமாகாளியம்மன் கோயிலின் நிர்வாகத்தில் கடுமையான குறைபாடுகள் இருந்ததாக 2018-இல் அறநிறுவன ஆணையர் அறிவித்தார். பொறுப்பாளர்கள் சிலர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். கோயில் மூடப்படவில்லை, பூசை நிற்கவில்லை. நம்பிக்கை நிர்வாகத்தைச் சார்ந்ததன்று என்று இதைக் கொண்டு மகிழலாம். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். உண்டியலில் பணம் போடுபவருக்குச் சங்கப் பொதுக்கூட்டத்தில் வாக்கு இல்லை. சந்தா கட்டிய உறுப்பினருக்கே உண்டு. 1905 முதல் சட்டம் கோயில் சொத்தைக் காக்க முயன்று வந்திருக்கிறது. சாதாரணப் பக்தருக்குக் குரல் தரவில்லை. பல கோயில் சங்கங்களில் உறுப்பினராக வழி இருக்கிறது. அடுத்த முறை அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது, உறுப்பினர் விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்றும் கேட்டுப் பாருங்கள்.