வெட்டுக்கிளி தொடாத வேம்பு

குதிரிலும் பத்தாயத்திலும் தானியம் கொட்டும்போது இடையிடையே காய்ந்த வேப்பிலையோ நொச்சியிலையோ போட்டு வைப்பது தமிழகத்தின் பழைய வழக்கம். வண்டு அண்டாது, அந்துப்பூச்சி சேராது. வயலுக்கு வேப்பம் புண்ணாக்கு இட்டதும் இதே அனுபவத்தை நம்பித்தான். பூச்சி ஏன் விலகுகிறது என்பதற்கான வேதியியல் விடை 20ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது.

1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கியது. பச்சை என்று கண்டதையெல்லாம் மொட்டையடித்த அந்தக் கூட்டம் வேப்ப மரங்களை மட்டும் தின்னாமல் விட்டதை ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் கவனித்தார். 1962இல் டெல்லியில், இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். பிரதானும் அவருடைய குழுவினரும் வேப்பங்கொட்டைப் பருப்பை அரைத்துக் கரைத்துப் பயிரில் தெளித்தார்கள். வெட்டுக்கிளிகள் வந்து உட்கார்ந்தன, தின்னவில்லை.

அந்தத் தடைப்பொருள் எது? இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மார்கன் இருவரும் வேப்ப விதையின் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வெட்டுக்கிளியிடமே சோதித்தார்கள். 1968இல் அசாடிராக்டின் பிடிபட்டது.

இலையைவிட விதையில்தான் இது மிகுதி. இதன் வேலை இரண்டு வகை. சுவையுணரும் உறுப்பில் பட்டதுமே சில பூச்சிகள் தீனியை நிறுத்திவிடுகின்றன. பாலைவன வெட்டுக்கிளிக்கு மிகச் சிறிய அளவே போதும். மீறித் தின்ற புழுவின் உடலில், தோலுரிப்பை நடத்தும் எக்டைசோன் என்ற ஹார்மோனின் சுரப்பு குலைகிறது. பழைய தோலைக் கழற்ற முடியாமல் புழு வளர்ச்சி குன்றிச் சாகிறது. இந்த மூலக்கூறு எவ்வளவு சிக்கலானது என்றால், கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லேயின் குழு அதைச் செயற்கையாக உருவாக்கி முடிக்க 22 ஆண்டுகள் ஆயின. அறிவிப்பு வந்தது 2007இல்.

இதற்கிடையே உரிமைச் சண்டையும் மூண்டது. வேப்பெண்ணெயால் பயிர்களின் பூஞ்சை நோயைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. இது இந்தியாவில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த அறிவு என்று வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்தார்கள். 2000இல் காப்புரிமை ரத்தானது. 2005இல் மேல்முறையீடும் தோற்றது. உழவர்களின் அனுபவத்தைப் புதுக் கண்டுபிடிப்பாக்கிச் சொந்தம் கொண்டாடிய ஒரு முயற்சியை முறியடித்த வெற்றி அது.

இன்றும் தமிழக வேளாண் பரிந்துரைகளில் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் இருக்கிறது. 5 கிலோ பருப்பை இடித்து, இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து, தண்ணீர் சேர்த்து 100 லிட்டராக்கித் தெளிக்கிறார்கள். வெயிலில் அசாடிராக்டின் விரைவில் சிதைந்துவிடும். அதனால் தெளிப்பதற்கு ஏற்ற நேரம் மாலை.