எல்லைக்கோட்டில் ஒரு ரசிகன்



போன வாரம் ஹாஸ்டலில் ஒரு விவாதம். "நீ ஓசூர்க்காரன்தானே? ரஞ்சியில யாருக்குடா சப்போர்ட்? தமிழ்நாட்டுக்கா, கர்நாடகாவுக்கா?" என்று மதுரைக்கார நண்பன் கேட்டான். கேலிக்குத்தான் கேட்டான். ஆனால் ராத்திரி முழுக்க அது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது.

நியாயமான கேள்விதான். எங்கள் ஊரிலிருந்து சேப்பாக்கம் முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். பெங்களூர் சின்னசாமி மைதானமோ சுமார் நாற்பது கிலோமீட்டர். அதாவது, எங்களுக்குப் பக்கத்து மைதானம் எதிரணியின் மைதானம்! சரி, வரலாற்றுக்கு வருவோம்.

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே இந்த இரண்டு ஊர்களுக்கும் நடந்ததுதான். 1934 நவம்பர் 4, சேப்பாக்கம். மெட்ராஸ் அணியும் மைசூர் அணியும் மோதின. முதல் பந்தை வீசியவர் மெட்ராஸின் எம்.ஜே.கோபாலன். மைசூர் 48 ரன்னில் காலி. மெட்ராஸ் 130. மறுபடி மைசூர் 59. ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது. மெட்ராஸுக்கு இன்னிங்ஸ் மற்றும் 23 ரன் வித்தியாசத்தில் வெற்றி. ஏ.ஜி.ராம்சிங் மட்டும் 35 ரன் கொடுத்து 11 விக்கெட். அப்போது ஓசூர் மெட்ராஸ் மாகாணத்தின் சேலம் மாவட்டத்தில் இருந்தது. சில மைல் தள்ளிப் போனால் மைசூர் சமஸ்தானம். அன்றைக்கே நாங்கள் எல்லைக்கோட்டில்தான் நின்றிருக்கிறோம்.

ஆரம்பம் நம்முடையது. பிறகு கதை மாறியது. மெட்ராஸ் 1954-55லும், தமிழ்நாடு 1987-88லும் கோப்பையை வென்றன. அந்தப் பக்கம் 1973-74ல், தொடர்ந்து 15 வருடம் ஜெயித்த பம்பாயின் ஆதிக்கத்தை முடித்து, கர்நாடகா முதல் கோப்பையை எடுத்தது. 2014-15க்குள் எட்டுக் கோப்பைகள். எங்கள் ஊர் டீக்கடையில் இந்தக் கணக்கைச் சொல்லிக்காட்ட எப்போதும் ஒருவர் இருப்பார்.

ஆனால் எங்கள் ஊரின் உண்மையான சீசன் ரஞ்சி இல்லை. பொங்கல் முடிந்து ஏரி வற்றத் தொடங்கியதும் ஆரம்பிக்கும் டென்னிஸ் பால் சீசன்தான். 1970களிலிருந்து சிப்காட் வளர வளர எல்லா மாவட்டத்து ஆட்களும் இங்கே வந்துவிட்டார்கள். ஏ ஷிஃப்ட் முடித்து, சாப்பாட்டுப் பையோடு நேராக கிரவுண்டுக்கு வருகிற டீம் உண்டு. பாகலூர், பேரிகை, தளி என்று சுற்றுப்பட்டு டீம்கள் உண்டு. அத்திப்பள்ளி, ஆனேக்கல்லில் இருந்தும் வருவார்கள். மைக்கில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே ஓவரில் கேட்கும். நான் பேட்டிங்கில் சுமார், அதனால் ஸ்கோர் நோட்டு என் கையில். அந்த நோட்டில் யார் எந்த மாநிலம் என்று எழுத ஒரு கட்டமும் கிடையாது.

எங்கள் ஆட்டத்தில் எல்.பி.டபிள்யூ கிடையாது. பந்தும் லேசானது, கொஞ்சம் குட்டையாகப் போட்டால் ஏரிக்கரைக்கு வெளியேதான் தேட வேண்டும். பவுலர் தப்பிக்க ஒரே வழி, காலடியில் யார்க்கர். அந்த யார்க்கரை வைத்தே மேலே போனவர்தான் நடராஜன். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி. டென்னிஸ் பாலில் தொடங்கி, சென்னை லீக் வழியாக 2015 ஜனவரியில் ரஞ்சியில் ஆடினார். உடனே பந்துவீச்சு முறை மீது சந்தேகம் எழுந்து, திருத்திக்கொண்டு திரும்ப வேண்டியிருந்தது. அதே சீசன் மார்ச்சில் வான்கடேவில் ரஞ்சி இறுதிப்போட்டி: தமிழ்நாடு 134, கர்நாடகா 762. கருண் நாயர் மட்டும் 328! இன்னிங்ஸ் மற்றும் 217 ரன் தோல்வி. 1934க்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பிறகு 2019 டிசம்பர் 1, சூரத், சையத் முஷ்டாக் அலி டி20 இறுதிப்போட்டி. கடைசி ஓவரில் 13 தேவை. அஸ்வின் முதல் இரண்டு பந்தில் இரண்டு பவுண்டரி. நான்கு பந்தில் ஐந்தே ரன். தோற்றோம், ஒரே ஒரு ரன்னில். மறுநாள் பள்ளியில் என் பக்கத்து பெஞ்சு கன்னடப் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. சிரித்தான், அவ்வளவுதான். அதுதான் ரொம்ப வலித்தது.

அடுத்த வருடம் எல்லாம் ஆறியது. 2020 டிசம்பரில் நடராஜன் ஆஸ்திரேலியாவில் ஒருநாள், டி20 இரண்டிலும் அறிமுகமானார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட்டும் ஆடினார். ஒரே பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமான முதல் இந்தியர். அந்த வருடம் எங்கள் ஏரியில் எல்லாப் பவுலரும் யார்க்கர்தான் போட்டார்கள், முக்கால்வாசி ஃபுல்டாஸாகப் போனது. அத்திப்பள்ளிப் பையன்களும் போட்டார்கள்! 2021 நவம்பர் 22, டெல்லியில் மறுபடி அதே இறுதிப்போட்டி, அதே கர்நாடகா. கடைசிப் பந்தில் 5 ரன் தேவை, ஷாருக்கான் சிக்ஸர். டீக்கடையே எழுந்து நின்று கத்தியது. மறுநாள் நானும் பேசவில்லை, சிரித்தேன் :-)

ஆக, நண்பனுக்குப் பதில்: தமிழ்நாட்டுக்குத்தான். ஆனால் எதிரணியை வெறுக்கத் தெரியாது. அவர்கள்தான் சனிக்கிழமை எங்கள் டீமுக்கு விக்கெட் கீப்பிங் செய்கிறார்கள்.

கவலை வேறு ஒன்று. சின்னப்பம்பட்டி மாதிரி இடத்திலிருந்து ஒருவர் மேலே போக, முதலில் ஆட ஒரு வெற்று நிலம் வேண்டும். எங்கள் ஏரியைச் சுற்றி மனைக் கற்கள் நட்டுக்கொண்டே வருகிறார்கள். போன பொங்கலுக்கு லெக் சைடு பவுண்டரியைப் பத்தடி உள்ளே இழுத்துப் போட்டோம். இந்தப் பொங்கலுக்கு இன்னும் எவ்வளவு இழுக்க வேண்டியிருக்குமோ தெரியவில்லை.