கண்ணாம்பா பேசுனா, எழுதினது யாரு?

இந்த எபிசோடை எங்க ஊர் வாலிகண்டபுரத்துல ஆரம்பிக்கிறேன். திருச்சியில இருந்து சென்னை போற வழியில, பெரம்பலூரைத் தாண்டினா வரும். ஊருக்குள்ள வாலீஸ்வரர் கோயில். இன்னும் வடக்கே போனா ரஞ்சன்குடி கோட்டை. பஸ்ல தூங்குறவங்க ரெண்டையும் தவற விட்டுடுவாங்க.

எங்க அப்பாயி பள்ளிக்கூடம் போனதில்லை, கைநாட்டுதான். ஆனா பாண்டியன் சபையில கண்ணகி நீதி கேக்குற வசனத்தை மூச்சு விடாம சொல்லும். சிலப்பதிகாரம்னு ஒரு புத்தகம் இருக்குறதே அதுக்குத் தெரியாது. 1942-ல வந்த 'கண்ணகி' படத்தைப் பல வருஷம் கழிச்சு டூரிங் கொட்டகை மணல்ல உக்காந்து பார்த்துச்சு. அதுல மனசுல நின்னதுதான் எல்லாம். "யாரு அப்பாயி இதை எழுதினது?"ன்னு ஒரு தடவை கேட்டேன். "எழுதுறதாவது! கண்ணாம்பா பேசுனா"ன்னுச்சு.

ரொம்ப நாள் நானும் அதுக்கு மேல யோசிக்கல. எழுதினவர் பேர் இளங்கோவன். இயற்பெயர் தணிகாசலம், செங்கல்பட்டுக்காரர். மணிக்கொடி காலத்து எழுத்தாளர், தினமணியில உதவி ஆசிரியரா இருந்தவர்.

அவர் வர்றதுக்கு முன்னாடி தமிழ் சினிமா எப்படிப் பேசுச்சுன்னு பாக்கணும். 1931-ல வந்த 'காளிதாஸ்'தான் நம்ம முதல் பேசும்படம். அதுல கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழ்ல பேசுவாங்க, கதாநாயகன் தெலுங்குல பதில் சொல்வார். அடுத்த சில வருஷம் நாடகக் கம்பெனி பாணிதான் ஓடுச்சு. நிறைய பாட்டு, நடுவுல சமஸ்கிருதம் கலந்த பேச்சு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல இடத்தை நிரப்புறதுதான் வசனத்தோட வேலை.

1937-ல 'அம்பிகாபதி' வந்துச்சு. எம்.கே. தியாகராஜ பாகவதர் ஹீரோ. டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன், தமிழ் தெரியாத அமெரிக்கர். அதுல காதலர்கள் பேசுற இடங்கள்ல ஷேக்ஸ்பியரோட 'ரோமியோ ஜூலியட்' சாயல் இருக்கும். ஆனா இளங்கோவன் அதை மொழிபெயர்ப்பு மாதிரி எழுதல. கம்பர் மகன் பேசினா இப்படித்தான் பேசியிருப்பான்னு தோணுற தமிழ்ல எழுதினார். வசனம் கேக்கவும் தியேட்டருக்குப் போகலாம்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சது அப்போதான்.

அஞ்சு வருஷம் கழிச்சு 'கண்ணகி'. ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பு. கோவலன் பி.யு. சின்னப்பா, கண்ணகி பி. கண்ணாம்பா. கண்ணாம்பாவுக்குத் தாய்மொழி தெலுங்கு. யோசிச்சுப் பாருங்க. ஒரு பத்திரிகைக்காரர் எழுதின செந்தமிழை, தெலுங்கு பேசுற நடிகை உயிர் கொடுத்துப் பேச, எழுத்தே தெரியாத எங்க அப்பாயி அதை ஆயுசுக்கும் மனப்பாடமா வச்சிருந்துச்சு. காப்பியம் அது வரைக்கும் வந்து சேர்ந்த பாதை இதுதான்.

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்'. அதுக்கும் வசனம் இளங்கோவன். அது யுத்த காலம். பிலிம் தட்டுப்பாட்டால ஒரு படம் 11,000 அடிக்கு மேல போகக் கூடாதுன்னு சர்க்கார் கட்டுப்பாடு. அதனால வசனத்தையும் இழுக்க முடியாது. சென்னை பிராட்வே தியேட்டர்ல அந்தப் படம் மூணு தீபாவளியைப் பார்த்துச்சு.

அப்புறம் ஏன் இவரை நமக்குத் தெரியல? தமிழ் சினிமாவுல கோர்ட் சீன்னாலே நமக்கு 1952-ல வந்த 'பராசக்தி'தான் ஞாபகம் வரும். தப்பில்ல, அது பெரிய படம். ஆனா அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே ஒரு பெண் சபையில நின்னு, ராஜாவையே குற்றவாளியா ஆக்கி, தமிழால அடிச்சிருக்கா. 'பராசக்தி' வசனம் புத்தகமா வந்துச்சு, ஒலிச்சித்திரமா வீட்டுக்குள்ள கேட்டுச்சு. எழுதினவருக்கு அரசியல் மேடையும் இருந்துச்சு. இளங்கோவன் காலத்துல கொட்டகை வாசல்ல வித்தது பாட்டுப் புத்தகம். அதுல பாட்டும் கதைச் சுருக்கமும் இருக்கும், வசனம் இருக்காது. பாட்டு அச்சுல நின்னுச்சு. வசனம் காதுல மட்டும் நின்னுச்சு. காது வச்சிருந்தவங்க போனதும் அதுவும் போயிடும்.

அப்பாயி போய் ஆறு வருஷம் ஆச்சு. அது சொன்னதை நான் ஒரு தடவைகூட ரெக்கார்ட் பண்ணல. கையில போன் இருந்துச்சு, தோணல. பாட்காஸ்ட் பண்றவன் இதைச் சொல்லவே வெக்கமா இருக்கு.

அதனால ஒரு வேலை சொல்றேன். உங்க வீட்டுல எண்பது வயசு தாண்டினவங்க யாராவது இருந்தா, ஒரு பழைய பட வசனம் சொல்லச் சொல்லிக் கேளுங்க. ரெக்கார்ட் பட்டனை அமுக்கிட்டுக் கேளுங்க. எழுதினது யாருன்னு அவங்களுக்குத் தெரியலைன்னா, அந்தப் பேரை நீங்க தேடிச் சொல்லுங்க.

அடுத்த வாரம் பாக்கலாம்.