ஏடு மாறும், உறை நிலைக்கும்

கொழும்பிலிருந்து வடக்கே செல்லும் கரையோரப் பெருவீதி, சிலாபத்தைக் கடந்து புத்தளத்தை நாடும் வழியில் முந்தல் என்னும் ஊர் அமைந்துள்ளது. மேற்கே கடல், கரையிலே நீண்ட மணற்றிட்டு, அதன் பின்னே முந்தல் வாவி. 1926ஆம் ஆண்டில் புத்தளம் வரை நீட்டப்பெற்ற புகையிரதப் பாதையும் இவ்வூரைத் தொட்டே செல்கின்றது. அயலிலே உடப்பு மீனவர் வாழ்கின்றனர்; வடக்கே பாலாவியிலும் புத்தளத்திலும் உப்பளங்கள் விளங்குகின்றன. இத்தகைய நிலத்திலே உப்பு பாத்தியில் மட்டும் விளைவதன்று; காற்றிலும் கலந்து வருவது. சன்னற் கம்பியை அரிப்பதும் அதுவே. மேசைமேற் கிடக்கும் நாட்குறிப்பேட்டின் தோலுறையில் ஓசையின்றிப் படிவதும் அதுவே.

தோலுறை சிறு பொருள்தான். ஆயினும் அதனுள் இருப்பவை சிறியன அல்ல. வள்ளம் கட்டிய நாள், வலைக்கு வாங்கிய கடன், பிள்ளை பிறந்த நாழிகை, காணி அளந்த எல்லை ஆகிய யாவும் அவ்வுறைக்குள்ளேயே அடைக்கலம் புகுகின்றன. 1990ஆம் ஆண்டு அக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் இப்புத்தள மாவட்டத்திலே வந்து தங்கினர். ஒரு காணி உறுதியின் பெறுமதியும் ஒரு பிறப்புப் பத்திரத்தின் பெறுமதியும் யாதென்று அவர்களைக் காட்டிலும் நன்கு அறிந்தவர் இலர். எழுத்தைக் காப்பது உறை. அவ்வுறையைக் காப்பது யாது என்பதே ஆராய்தற்குரியது.

பண்டைத் தமிழர் தம் நூல்களுக்குத் தோலைப் பெரிதும் நாடவில்லை. பனையோலையை நறுக்கிப் பதப்படுத்தி, துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினர். ஓலை சில நூற்றாண்டுகளே வாழும். ஆதலின் பழைய ஓலை நலிவதற்கு முன்னரே புதிய ஓலையிற் படியெடுத்தனர். ஆண்டுதோறும் சரசுவதி பூசைக் காலத்திலே சுவடிகளை வெளியே எடுத்துத் தூசு தட்டி ஒழுங்கு செய்தலும் வழக்கமாயிற்று. பூசை என்ற பெயரால் நடைபெற்றது, உண்மையிலே ஒரு பராமரிப்பு முறையே ஆகும்.

தோலால் நூலைப் போர்க்கும் வழக்கம் கடல்வழியாகவும் இக்கரையை அடைந்தது. 1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டுப் பயணியான இபின் பத்தூத்தா இறங்கிய துறை புத்தளமே என்பர். இஸ்லாமிய உலகின் நூற்கட்டுக் கலையிலே பின்னட்டையிலிருந்து ஒரு தோல் மடல் நீண்டு, ஏடுகளின் திறந்த விளிம்பை மூடி, முன்னட்டையின் கீழே செருகிக்கொள்ளும். தூசும் ஈரமும் முதலிற் புகும் இடம் அவ்விளிம்பே என்பதை அக்கலைஞர் அறிந்திருந்தனர். இக்காலத் தோலுறைகள் பலவற்றிற் காணப்படும் மூடுமடலும் அதே தொழிலைச் செய்வதே.

அடுத்து வந்தோர் ஒல்லாந்தர். 1667ஆம் ஆண்டிற் கற்பிட்டியிற் கோட்டை கட்டிய அவர்கள், ஆட்சியைக் கணக்கேட்டின்மீதே நிறுத்தினர். குடிகளின் பெயரும் காணிகளின் அளவும் தோம்பு எனப்படும் பேரேடுகளிற் பதியப்பெற்றன. அவர்தம் ஆவணங்களுட் பெரும்பகுதி இன்றும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திற் பேணப்படுகின்றது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களை யுனெஸ்கோ நிறுவனம் 2003ஆம் ஆண்டில் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தபோது, இலங்கையின் தொகுதியும் அதனுள் அடங்கிற்று.

நாட்குறிப்பேட்டின் வரலாறு வேறொன்று. இலண்டன் மாநகரில் ஜோன் லெட்ஸ் என்பார் 1812ஆம் ஆண்டில் ஆண்டு நாட்களை அச்சிட்ட குறிப்பேட்டை விற்பனைக்கு வெளியிட்டார். ஆண்டு முடிந்ததும் ஏடும் உறையும் சேர்ந்தே ஓய்வு பெற்றன. பின்னர், வளையங்களிற் கோத்த தனித்தாள் முறை தோன்றிற்று. 1921ஆம் ஆண்டில் இலண்டனிலே தொடங்கப்பெற்ற நிறுவனமொன்று பைலோபாக்ஸ் என்னும் பெயரால் இதனைப் பரப்பிற்று. இம்முறையில் ஏடுகள் ஆண்டுதோறும் மாறும். தோலுறை மட்டும் நிலைத்திருக்கும். ஓலையைப் புதுப்பித்து மரச்சட்டத்தைப் பேணிய பண்டை வழக்கம் புதிய வடிவில் மீண்டதெனலாம். ஓராண்டு வாழ வேண்டிய உறைக்குக் கவனம் வேண்டுவதில்லை. இருபது ஆண்டு வாழ வேண்டிய உறைக்கோ அது இன்றியமையாதது.

தோல் ஏன் கெடுகின்றது? பச்சைத் தோல் ஈரத்திற் கிடந்தால் அழுகும், காய்ந்தால் விறைக்கும். மரப்பட்டையிலும் காயிலும் உள்ள துவர்ப்பொருள் அதன் நார்களோடு பிணைந்த பின்னரே அது பதனிட்ட தோலாகின்றது. தமிழகத்திலே இதற்குச் சிறப்பாகப் பயன்பட்டது ஆவாரம்பட்டை. இலங்கையின் வறண்ட நிலங்களிலும் மஞ்சட்பூப் பூத்துக் குலுங்கும் அதே ஆவாரையே அது. ஆவாரையாற் பதனிட்ட தோல் வெயில் பட்டாற் செந்நிறம் கொள்ளும். அதனைத் தடுக்க இறுதியிற் கடுக்காய் நீரில் ஊறவைப்பர். சென்னை மாகாணத்தில் இவ்வாறு பதனிட்ட ஆட்டுத்தோல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கப்பல் கப்பலாக இலண்டனுக்கு ஏற்றுமதியாயின. அங்கே அவற்றுக்குப் 'பாரசீகத் தோல்' என்று பெயர் வழங்கியது விந்தையே.

அக்காலத்திலே இங்கிலாந்தின் நூலகங்களில் ஒரு கவலை எழுந்தது. முந்திய நூற்றாண்டுகளின் நூலுறைகள் உறுதியாக இருக்க, அண்மையிற் கட்டிய நூல்களின் தோல் செம்புழுதியாய் உதிர்ந்தது. 1900ஆம் ஆண்டில் இலண்டன் கலைச் சங்கம் அறிஞர் குழுவொன்றை நியமித்தது. 1901இல் அதன் அறிக்கை வெளிவந்தது. சாயமேற்றும்போது சேர்க்கப்பட்ட கந்தக அமிலம், எரிவாயு விளக்கின் புகை, மிகையான வெளிச்சம், தோலை அளவுக்குமேல் மென்மையாகச் சீவுதல், பதனிடும் பட்டையின் இயல்பு ஆகியன காரணங்களென அக்குழு கண்டது. பாரசீகத் தோல் எனப்பட்ட இந்தியத் தோல் நூற்கட்டுக்கு மிகவும் தகாதது என்பது அதன் முடிபு. அத்தோலாற் கட்டிய நூல்கள் ஓராண்டு நிறையுமுன்னரே நலிவு காட்டியதுண்டு என்றும் கூறப்பட்டது. சுமாக்கு என்னும் செடியின் இலையாற் பதனிட்ட தோலே நீடித்து நிற்குமென அவர்கள் பரிந்துரைத்தனர்.

இம்முடிபு ஆவாரையை இகழ்வதன்று. செருப்புக்கும் சேணத்துக்கும் கமலைச் சாலுக்கும் அத்தோல் நன்றே உழைத்தது. எந்தத் தொழிலுக்கு எந்தத் தோல் என்பதை அறியாமையே பிழையாயிற்று. கடைத்தெருவில் உறை வாங்குவோர் இன்றும் நிறத்தையும் மினுமினுப்பையும் நோக்குகின்றனரேயன்றி, எதனாற் பதனிட்டது என வினவுவதில்லை. பட்டையாற் பதனிட்ட தோல் கைபடக் கைபட நிறம் முதிரும். ஈரத்தை எளிதிற் பருகும். குரோமிய உப்பாற் பதனிட்ட தோல் நீரைச் சற்று மிகுதியாகத் தாங்கும். இரண்டுக்கும் ஒரே பராமரிப்புப் பொருந்தாது.

இனி, முந்தலின் காற்றுக்குத் திரும்புதல் தகும். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 அளவை எட்டும்போது சாதாரண உப்புத் தானே நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். கடலுப்பிற் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டோ 33 அளவிலேயே நீரை ஈர்க்க வல்லது. ஆகவே கடற்காற்று வீசும் ஊரில் உப்புப் படிந்த தோல் மழையில்லாத நாளிலும் ஈரமாகவே இருக்கும். ஈரப்பதன் 65, 70 அளவைத் தாண்டிய இடத்திலே பூஞ்சணமும் குடியேறும். எனவே இக்கரையிற் தோலுறைக்கு முதற்பகை நீரன்று. நீரை அழைத்துவரும் உப்பே.

இதற்கு மருந்து எளியது. வாரம் ஒருமுறை மெல்லிய பருத்தித் துணியை நன்னீரில் நனைத்து, இறுகப் பிழிந்து, உறையை மெதுவாக ஒற்றித் துடைத்தல் வேண்டும். பின் காய்ந்த துணியாலும் துடைத்து, நிழலிலே காற்றாட விடவேண்டும். வெயிலில் உலர்த்துதல் பெருந்தவறு. ஈரத்தோல் சூட்டிற் சுருங்கி விறைத்தபின் மீள்வதில்லை. பிளாத்திக்குப் பையில் இறுகக் கட்டிவைத்தலும் ஆகாது. உட்புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிப் பூஞ்சணத்தை வளர்க்கும். சுவரோடு ஒட்டாமல், காற்றோட்டமுள்ள தட்டிலே, பருத்தித் துணியிற் சுற்றி வைப்பதே சிறந்தது. பூஞ்சணம் கண்டால், உறையை வீட்டுக்கு வெளியே கொண்டுசென்று, நன்கு உலர்ந்தபின் மென்தூரிகையால் நீக்கல் வேண்டும். ஈரத்தோடு தேய்த்தால் அது தோலினுள்ளே இறங்கும்.

உறையின் வளையத்தையும் பொத்தானையும் நோக்குவோர் சிலரே. முற்காலத்திலே கடுக்காய் நீரில் அன்னபேதி என்னும் இரும்புச் சத்தைச் சேர்த்து எழுத்து மை காய்ச்சினர். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தாற் கருமை பிறக்கும் என்பது அம்மையின் இரகசியம். துருப்பிடித்த இரும்பு, பட்டையாற் பதனிட்ட ஈரத்தோலைத் தொடும்போதும் அதே மை அங்கே பிறக்கின்றது. அக்கறையை எந்தச் சவர்க்காரமும் போக்காது. ஆதலின் துருவேறும் வளையத்தை உடனே மாற்றுதலும், இரும்பு ஊசியையும் கிளிப்பையும் தோலிற் செருகாதிருத்தலும் அறிவுடைமையாகும்.

எண்ணெய் பூசுவதைப் பற்றியும் ஒரு சொல். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் வீட்டிலே கைக்கெட்டும் பொருள்கள். பூசிய அன்று தோல் பளபளக்கும். ஆனால் நாளடைவில் எண்ணெய் சிக்குப் பிடிக்கும், தோல் கறுக்கும், பூச்சிகள் நாடும். பிரித்தானிய நூதனசாலையிலே பிளெண்டர்லீத் என்னும் அறிஞர் தோலுறைகளைக் காப்பது குறித்து 1946ஆம் ஆண்டிற் சிறுநூலொன்று வெளியிட்டார். ஆட்டு உரோமக் கொழுப்பு, தேவதாரு எண்ணெய், தேன்மெழுகு ஆகியன கலந்த அந்நூதனசாலையின் பூச்சு உலகெங்கும் புகழ்பெற்றது. பின்வந்த அறிஞரோ அதனையும் அளவோடே பயன்படுத்தல் வேண்டும் என்றனர். பூச்சு தோலை மென்மையாக்குமேயன்றி, உள்ளே தொடங்கிவிட்ட அமிலச் சிதைவை நிறுத்தாது என்பது அவர்தம் கருத்து. செம்புழுதியாக உதிரும் உறைக்கு எண்ணெய் அறவே கூடாது. அதனைத் தூய தாளிற் சுற்றிப் பத்திரப்படுத்தலே தக்கது.

இவை யாவற்றினும் வியப்பான உண்மை மற்றொன்று உண்டு. நாடோறும் கையில் எடுக்கப்பட்ட நூல்களின் தோல், எவரும் தீண்டாது தட்டில் உறங்கிய நூல்களின் தோலைவிட நல்ல நிலையில் இருப்பதை நூற்கட்டுக் கலைஞர் கண்டனர். கையின் மெல்லிய நெய்ப்பும், அடிக்கடி திறந்து மூடும் அசைவும் தோலின் நெகிழ்வைப் பேணுகின்றன. பெட்டியிற் பூட்டிய பொருள் காப்பாற்றப்பட்டது என்பது மயக்கமே.

சரசுவதி பூசையன்று சுவடி அவிழ்த்தவர் உணர்ந்திருந்ததும் இதுவே. முந்தல் வாவியின் மேலாக இவ்வாண்டும் உப்புக் காற்று வீசும்; அதனைத் தடுப்பார் இலர். ஆனால் காலையிற் குறிப்பேட்டைத் திறக்கும் கை, மாலையில் அதன் உறையை ஒருமுறை துடைத்து வைக்குமாயின், இவ்வாண்டின் ஏடுகள் கழிந்தபின்னும் அவ்வுறை வருமாண்டின் நாட்களையும் தாங்கி நிற்கும்.