விளையாட்டுப் பெட்டியா, பட பிளேயரா? ஒரு சின்னக் கேள்வி முடித்து வைத்த பெரிய சண்டை

"அதை வாங்கினா பிள்ளை படிக்காது. படம் பார்க்கத்தானே வேணும், பிளேயரையே வாங்குவோம்."

வீட்டுக்கு ஒரு பொருள் வாங்கும்போது நம்மில் பலர் இப்படித்தான் பேசுகிறோம். பொருளின் பெயரைக் கேட்டே முடிவெடுத்து விடுகிறோம். 2006 முதல் 2008 வரை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கடைக்குப் போன குடும்பங்களுக்கும் இதே கேள்வி வந்தது. துல்லியமான படங்களைப் புதிய ப்ளூ-ரே தட்டில் பார்க்க வேண்டும். அதற்குத் தனி பிளேயர் வாங்குவதா, பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுப் பெட்டியை வாங்குவதா?

கதையைக் கொஞ்சம் பின்னால் இருந்து தொடங்குவோம்.

1975 இல் சோனி நிறுவனம் பீட்டாமக்ஸ் வீடியோ கசட்டைக் கொண்டு வந்தது. அடுத்த ஆண்டே ஜே.வீ.சி. நிறுவனம் வீ.எச்.எஸ். கசட்டை இறக்கியது. நாம் 'டெக்' என்று சொன்ன கருவிக்குள் போட்டுப் பார்த்தது பெரும்பாலும் இந்த வீ.எச்.எஸ். கசட்டைத்தான். சோனி தோற்றது. 1988 இல் சோனியே வீ.எச்.எஸ். கருவி விற்கும் நிலைக்கு வந்தது. பீட்டாமக்ஸ் வாங்கிய வீடுகளில் கருவி இருந்தது, போட்டுப் பார்க்கப் புதுப்படம் வருவது குறைந்துகொண்டே போனது.

அந்தத் தோல்வியைச் சோனி மறக்கவில்லை. 2000 மார்ச்சில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 வெளிவந்தது. விலை 39,800 யென். விளையாட்டுப் பெட்டிதான், ஆனால் டிவிடி படமும் ஓடியது. பல வீடுகளுக்கு முதலாவது டிவிடி பிளேயராக வந்தது இந்த விளையாட்டுப் பெட்டிதான். பிள்ளை விளையாடக் கேட்டதை வாங்கிக் கொடுத்த பெற்றோர், இரவில் அதிலேயே படம் பார்த்தார்கள். கருவி வீட்டுக்குள் போய்விட்டால் தட்டு பின்னால் தானாக வரும் என்று சோனி கண்டுகொண்டது.

அடுத்தது நீல ஒளியின் காலம். டிவிடியை வாசிப்பது 650 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர். புதிய தட்டுகளுக்கு 405 நனோமீற்றர் நீல ஊதா லேசர் வந்தது. மொத்த முனைப் பேனையை வைத்துவிட்டு மெல்லிய முனைப் பேனையை எடுத்தால் அதே கொப்பித் தாளில் கூடுதலாக எழுதலாம் அல்லவா, அதே கணக்குத்தான். டிவிடியின் ஓர் அடுக்கில் 4.7 ஜிகாபைட். சோனி அணியின் ப்ளூ-ரேயில் 25. தோஷிபா அணியின் எச்.டி. டிவிடியில் 15. தோஷிபாவின் தட்டில் கொள்ளளவு குறைவு, ஆனால் அதன் அமைப்பு பழைய டிவிடிக்கு நெருக்கமானது என்பதால் தயாரிப்பது இலகு. 2005 இல் இரு தரப்பும் ஒரே தட்டுக்கு உடன்படப் பேசிப் பார்த்தன. பேச்சு முறிந்தது. முறிவின் செலவு வாங்குபவர் தலையில் விழுந்தது.

2006 இன் விலைப்பட்டியலைப் பாருங்கள். ஏப்ரலில் அமெரிக்காவில் தோஷிபாவின் எச்.டி. டிவிடி பிளேயர் 499 டொலர். ஜூனில் சம்சுங்கின் ப்ளூ-ரே பிளேயர் ஏறத்தாழ 1,000 டொலர். நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 வந்தது. 499 டொலரில் ஒன்று, 599 டொலரில் ஒன்று. படம் மட்டும் காட்டும் கருவியை விட, படமும் காட்டி விளையாட்டும் தரும் கருவி மலிவு!

இது எப்படி முடியும்? ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் பெட்டியைக் கழற்றிக் கணக்குப் பார்த்தது. 599 டொலருக்கு விற்ற பெட்டியைச் செய்யவே சுமார் 840 டொலர் ஆகிறது என்று மதிப்பிட்டது. ஒவ்வொன்றிலும் நட்டம். அந்த நட்டத்தை விளையாட்டுத் தட்டுகளிலும் ப்ளூ-ரேயின் வெற்றியிலும் மீட்கலாம் என்பது சோனியின் எண்ணம். நீல லேசர் போதிய அளவு கிடைக்காததால் ஐரோப்பிய வெளியீட்டை 2007 மார்ச் வரை தள்ளிப்போடவும் நேர்ந்தது. மைக்ரோசொப்ட் வேறு வழி எடுத்தது. எக்ஸ்பொக்ஸ் 360 உடன் இணைக்கும் எச்.டி. டிவிடி கருவியைத் தனியாக 199 டொலருக்கு விற்றது. விரும்பியவர் மட்டும் வாங்கினார். பிளேஸ்டேஷன் 3 வாங்கியவரோ, விளையாடுவதற்கென்றே வாங்கினாலும், ப்ளூ-ரே பிளேயருக்கும் சொந்தக்காரர் ஆனார்.

2008 ஜனவரி 4 அன்று வோர்னர் பிரதர்ஸ் இனி ப்ளூ-ரே மட்டுமே என்று அறிவித்தது. பெப்ரவரியில் வோல்மார்ட்டும் நெட்பிளிக்ஸும் அதே பக்கம் சாய்ந்தன. பெப்ரவரி 19 அன்று தோஷிபா எச்.டி. டிவிடியைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு தோஷிபாவே ப்ளூ-ரே பிளேயர் விற்கத் தொடங்கியது. பீட்டாமக்ஸுக்கு நடந்தது அப்படியே திரும்பி நடந்தது, இந்தத் தடவை வேறு நிறுவனத்துக்கு.

அப்படியானால் யாருடைய தெரிவு சரி?

எச்.டி. டிவிடி வாங்கியவரின் காசு பெரும்பாலும் வீண். ஆனால் ப்ளூ-ரே பக்கம் நின்றவர்களும் எல்லோரும் தப்பவில்லை. ஆரம்பத் தனி பிளேயர்கள் பல, பின்னர் வந்த வசதிகளை ஏற்க முடியாதவை. பிளேஸ்டேஷன் 3 இணையத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. 2008 மார்ச்சில் இணையத்தோடு சேரும் பி.டி. லைவ் வசதி வந்தது. 2010 செப்டம்பரில் முப்பரிமாணப் படமும் ஓடியது. 'விளையாட்டுச் சாமான்' என்று ஒதுக்கப்பட்டதே நீண்ட காலம் உழைத்த பட பிளேயர்.

மறுபக்கமும் உண்டு. அதில் அகச்சிவப்பு ரிமோட் வாங்கி இல்லை, ஆகவே சாதாரண ரிமோட்டுக்கு அது அசையாது. முதல் வகைப் பெட்டிகள் மின்சாரத்தை அதிகம் இழுத்தன, காற்றாடிச் சத்தமும் உண்டு. 2009 இல் தனி பிளேயர்கள் 200 டொலருக்கும் கீழே இறங்கிவிட்டன. அதன்பின் விளையாட்டுத் தேவையில்லாத வீட்டுக்குத் தனி பிளேயரே போதும். ஆகவே 2007 இல் கேட்டிருந்தால் ஒரு பதில், 2009 இல் கேட்டிருந்தால் இன்னொரு பதில். எந்தத் தெரிவையும் அதன் காலத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

2020 இல் வந்த பிளேஸ்டேஷன் 5 இன் ஒரு வகையில் தட்டுப் போடும் வாயே இல்லை. இவ்வளவு செலவழித்து வென்ற தட்டை, வென்ற நிறுவனமே விருப்பத் தெரிவாக்கிவிட்டது.

இந்தக் கதையிலிருந்து பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு பொருள் செய்த செலவுக்கும் குறைவாக நம் கைக்கு வந்தால், மிச்சக் காசை விற்றவர் எங்கிருந்து எடுக்கப் போகிறார்? புதிய போனோ, தொலைக்காட்சியோ வாங்கப் போகும்போது இந்தக் கேள்வியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போவோம்.