யார் யாரைச் சகிப்பது? டெரெசீன் குழந்தைகளின் கலையை முன்வைத்து

'சகிப்புத்தன்மை' என்கிற சொல்லின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. சகிப்பவர் ஒருத்தர் என்றால் சகிக்கப்படுபவர் இன்னொருத்தர். யார் எந்த இடத்தில் நிற்பது என்பதை அதிகாரம் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. நாஜி இனப்படுகொலையைப் பாட்டு, ஓவியம், நாடகம் வழியாக இளைஞர்களுக்குக் கற்பிப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தச் சொல்தான் முன்னால் வந்து நிற்கிறது. படுகொலையின் நடுவே கலை என்னவாக இருந்தது என்று பார்த்துவிட்டு இதைப் பேசலாம்.

ப்ராக் நகருக்கு வடக்கே உள்ள பழைய கோட்டை ஊர் டெரெசீன். 1941 நவம்பரிலிருந்து நாஜிகள் அதை யூதர்களை அடைக்கும் முகாமாக்கினார்கள். 1942 டிசம்பரில் அங்கே கொண்டுவரப்பட்டவர் ஃப்ரீட்ல் டிக்கர்-பிராண்டைஸ். பாவ்ஹவுஸ் பள்ளியில் யோஹனஸ் இட்டனிடம் படித்த ஓவியர், இடதுசாரி. கிடைத்த பழைய தாள்களில் குழந்தைகளை வரையவும் ஒட்டவும் வைத்தார். யாரையும் ஓவியராக்குவது அவர் நோக்கமாக இல்லை. படத்தில் பெயர் எழுதச் சொன்னார். ஆளை எண்ணாக்கி ரயிலேற்றும் ஒரு அமைப்புக்குள் இது சின்ன விஷயம் கிடையாது. 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோரும் கொல்லப்பட்டார்கள். இரண்டு பெட்டிகளில் தப்பிய சுமார் 4,500 படங்கள் இன்று ப்ராக் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. இறந்தவர்கள் பெயரோடு மிஞ்சியிருக்கிறார்கள்.

அதே ஊரில் 1943 செப்டம்பர் 23 அன்று 'ப்ருண்டிபார்' என்கிற சிறுவர் இசைநாடகம் அரங்கேறியது. இசை ஹான்ஸ் க்ராஸா. நோயாளித் தாய்க்குப் பால் வாங்கச் சந்தையில் பாடுகிற அண்ணன் தங்கையை, தெருவில் இசைப்பெட்டி சுற்றிப் பிழைக்கும் ப்ருண்டிபார் விரட்டுகிறான். குருவி, பூனை, நாய், தெருப்பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து அவனைத் தோற்கடிக்கிறார்கள். அந்த வில்லன் யாருன்னு பார்வையாளர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாடகம் 55 முறை நடந்தது. நடித்த பிள்ளைகள் ரயிலேற்றப்பட, அவர்கள் இடத்துக்கு வேறு பிள்ளைகள் வந்தார்கள்.

இதுவரைக்கும் சொன்னால் இது எதிர்ப்புக் கலையின் கதை. பெரும்பாலான பள்ளி மேடைகளில் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்வையிட வந்தபோது நாஜிகள் அவர்களுக்குக் காட்டியதும் இதே நாடகத்தைத்தான். நெரிசலை மறைக்க மே மாதத்தில் மட்டும் சுமார் 7,500 பேரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பி, ஊருக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார்கள். பிறகு எடுத்த பிரச்சாரப் படத்திலும் பிள்ளைகளின் வெற்றிப் பாட்டு இடம்பெற்றது. படப்பிடிப்பு முடிந்ததும், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசிக்குள் 18,000 பேருக்கு மேல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். க்ராஸாவும் அதில் ஒருவர்.

ஆக, ஒரே பாட்டு பிள்ளைகளுக்கு மூச்சாகவும் கொலைகாரனுக்குத் திரையாகவும் இருந்திருக்கிறது. கலை தன்னாலேயே மனிதரை நல்லவராக்கும் என்கிற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை. 1966இல் வானொலி உரையொன்றில் அடோர்னோ, வேர்களைக் கொல்லப்பட்டவர்களிடம் தேடாதீர்கள், கொன்றவர்களிடம் தேடுங்கள் என்று வாதிட்டார். கொன்றவர்களோடு, பார்த்துவிட்டுப் போனவர்களையும் நான் சேர்ப்பேன். அன்று வந்த செஞ்சிலுவைப் பிரதிநிதி மொரீஸ் ரோஸல் சாதகமான அறிக்கை எழுதினார். 1979இல் இயக்குநர் க்ளோத் லான்ஸ்மன் நேரில் கேட்டபோதும் அதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

ப்ருண்டிபாரை இளைஞர்கள் நடிக்கட்டும். கூடவே அந்த ஜூன் மாத வருகையையும் நடிக்கட்டும். விருந்தாளியாக நிற்கிற பையன் எந்தக் கதவைத் திறந்து பார்த்திருக்கலாம், எந்தப் பிள்ளையிடம் என்ன கேட்டிருக்கலாம் என்று வகுப்பு பேசட்டும். பரிதாபப்படுவது சுலபம். தன் முன்னால் வைக்கப்பட்ட அழகான காட்சியை நம்ப மறுப்பதற்குப் பயிற்சி வேணும். சகிப்புத்தன்மைப் பாடத்தில் அந்தப் பயிற்சிக்கு இதுவரை இடம் ஒதுக்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.